தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே

திருச்சானூர்
28.1.1997

அன்புள்ள அண்ணனுக்கு,

சங்கரி எழுதுகிறேன். நானும் பிரியங்காவும் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் அதை விட்டு மற்றதற்கெல்லாம் பதில் எழுதுவாய், அதனால் கேட்கவில்லை.

முந்தாநாள் குடியரசு தினம். வீட்டுக்காரம்மா வெங்கடம்மா புதிதாகக் கேபிள் போட்டிருக்கிறார்கள் என்று குழந்தையை அழைத்துக்கொண்டு போனேன். டிவியில் ஒரு போர்க்கப்பலைக் காட்டினார்கள். பிரியங்கா எழுந்துபோய்த் திரைமேல் உள்ளங்கையை வைத்து, "இதுல எங்க நைனா எங்க இருந்தாரு?" என்று கேட்டாள். வெங்கடம்மா சட்டென்று டிவியை அணைத்துவிட்டார்கள். நல்ல எண்ணத்தில்தான். ஆனாலும் எனக்கு அது பிடிக்கவில்லை. குழந்தை கை வைத்த இடம் கறுப்பாகிப் போனது.

அவளுக்கு இப்போது நாலு வயது. அவள் அப்பா போனபோது ஒன்பது மாதம். கப்பல் என்றால் அம்மவாரு கோயில் குளத்தில் விடுகிற தெப்பம் மாதிரி என்று நினைத்துக்கொண்டிருந்தாள். நம்மிடம் இருக்கும் ஒரே போட்டோவில் நீயும் அவரும் தோள்மேல் கை போட்டுக் கப்பலை மறைத்துக்கொண்டு நிற்கிறீர்கள். உங்கள் காதுகளுக்கு நடுவில் ஒரு கம்பமும் கொஞ்சம் புகையும் தெரிகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பிளாஸ்டிக்கில் சின்னச் சின்னப் போர்க்கப்பல்கள் செய்வதாகப் போன தீபாவளிக்கு எழுதியிருந்தாயே, உங்கள் கப்பலையும் செய்து அனுப்புவாயா? அவள் கேட்டால் இதோ இங்கே என்று விரல் வைத்துக் காட்ட எனக்கு ஒரு இடம் வேண்டும்.

தமிழிலேயே எழுது. தாமோதரன் வாரம் ஒருமுறை ஆட்டோவில் அரிசியோ பழமோ கொண்டுவருகிறான். அண்ணன் பெண்டாட்டியை விட்டுவிடவில்லை, நல்லவன். தெலுங்கு மீடியம் படித்தவன், தமிழ் பேசுவானே தவிர எழுத்துக்கூட்டத் தெரியாது. நீ எழுதுகிற எதையும் அவன் நல்லதாக எடுத்துக்கொள்வதில்லை. தன் அண்ணன் செத்த கப்பலில் இருந்து நீ உயிரோடு வந்தாய், அது ஒன்றே அவனுக்குப் போதும். நீ மேல்தட்டில் மறு கோடியில் இருந்தாய், குழாய் உடைந்து தண்ணீர் புகுந்த நொடியே அவர் உயிர் போய்விட்டது, உனக்குத் தெரியும்போது எல்லாம் முடிந்திருந்தது என்று நீ சொன்னதை அவனுக்குப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். ம்ம் என்கிறான்.

உன் தங்கை
சங்கரி


சிங்கப்பூர்
9.2.1997

சங்கரிக்கு அண்ணன் ஏகாம்பரம் எழுதுவது.

கடிதம் கிடைத்தது. குழந்தைக்காகச் செய்கிறேன்.

நம் கப்பல் கடையில் பெட்டியாகக் கிடைக்காது. ஜப்பான் கப்பல், அமெரிக்கா கப்பல்தான் கிடைக்கும். நம்முடையதைப் பிளாஸ்டிக் தகட்டில் நானே வெட்டிச் செய்ய வேண்டும். அதற்கு முதல் வேலை அளவை முடிவு செய்வது. கத்தியை எடுப்பதற்கு முன்னால் அது முடிந்துவிட வேண்டும். பிறகு மாற்ற முடியாது.

கப்பல் நூற்றுப் பத்து மீட்டர். எழுநூற்றில் ஒன்று என்று வைத்தால் பதினாறு சென்டிமீட்டர் வரும். முந்நூற்றைம்பதில் ஒன்று என்றால் முப்பத்தொன்று. நூற்றில் ஒன்று செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அது ஒரு மீட்டருக்கு மேல் போகும். வீட்டில் வைக்கிற பொருளே இல்லை.

நான் எழுநூற்றில் ஒன்றுதான் செய்வேன். இதுவரை பதினொரு கப்பல் முடித்திருக்கிறேன், எல்லாம் அந்த அளவுதான். இந்த அளவில் கப்பலைத் தண்ணீர்க் கோட்டோடு நிறுத்திவிடுவது வழக்கம். அடிப்பாகம் கிடையாது. மேஜையில் வைத்தால் கடலில் மிதப்பது போலவே இருக்கும். உள்ளேயும் ஒன்றும் கிடையாது, முழுக்கட்டி. சோப்புப் பெட்டியில் பஞ்சு வைத்து யாரிடமாவது கொடுத்து அனுப்பிவிடலாம்.

இங்கே ஒரு அறையில் பன்னிரண்டு பேர். என் கட்டில்மேல் ஒரு பலகை போட்டுத்தான் வேலை. கூட இருக்கும் புத்தூர்க்காரன் கோவர்த்தனன் தினமும் கேட்கிறான்: "இன்னாப்பா ஏகாம்பரம், வாரமெல்லாம் பெரிய கப்பலுக்குப் பெயிண்ட் சுரண்டற, லீவு நாள்ல சின்னக் கப்பலுக்குப் பெயிண்ட் பூசற. உனக்குப் பொண்ணு பாக்கணும்னா துறைமுகத்துலதான் பாக்கணும்." நல்ல பையன். ஓயாமல் பேசுவான்.

எழுநூற்றில் ஒன்று என்று முடிவு செய்துவிடட்டுமா? பதில் போடு.

அண்ணன்


திருச்சானூர்
21.2.1997

அண்ணா,

உன் கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் மதிய இடைவேளையில் படித்தேன். இப்போதெல்லாம் இங்கிலீஷ் மீடியம் என்று போர்டு மாட்டினால் போதும், பிள்ளைகள் நிரம்பி வழிகிறார்கள். எனக்கு ஆறாம் வகுப்புக்குக் கணக்கு. விகிதம் நடத்த வேண்டிய நாள். உன் கப்பலையே கரும்பலகையில் கணக்காகப் போட்டேன். ஆளின் உயரம் நூற்றெழுபது சென்டிமீட்டர், எழுநூற்றில் ஒன்று என்றால் எவ்வளவு? இரண்டரை மில்லிமீட்டர் கூட வராது. முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி, "எள்ளு அத்தனை டீச்சர்" என்றாள்.

சரியான விடை. நான் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டேன். வருஷா வருஷம் அவருக்கு எள்ளும் தண்ணீரும் விடுகிற தாமோதரனின் கைதான் கண்ணில் நின்றது.

அதுகூடப் போகட்டும். தண்ணீர்க் கோட்டோடு கப்பலை நிறுத்திவிடுவது வழக்கம் என்று எழுதியிருக்கிறாய். அவருக்கு வேலை பம்ப் அறையில் இல்லையா? அது தண்ணீர்க் கோட்டுக்குக் கீழேதானே? கல்யாணமான புதிதில் அவரே சொன்னார்: "எங்க தலைக்கு மேல மீனு போய்க்கினே இருக்கும். நாங்க கீழ டீ குடிச்சிக்கினு இருப்போம்." அப்படியென்றால் நீ அனுப்பப்போகும் கப்பலில் அவர் இருந்த இடமே இல்லையே அண்ணா. குழந்தை நைனா எங்கே என்று கேட்டால் நான் மேஜையைக் காட்டவா?

பெரிதாகச் செய். அடிப்பாகத்தோடு செய்.

சங்கரி


சிங்கப்பூர்
5.3.1997

சங்கரிக்கு,

சரி. முந்நூற்றைம்பதில் ஒன்று. அடிப்பாகம் உண்டு, ஆனால் முழுக்கட்டிதான். ஆள் ஒரு அரிசி அளவு வருவான். இதற்கு மேல் கேட்காதே.

ஏன் என்றால், அளவு கூடக் கூட வேலை கூடும். எழுநூற்றில் கதவு என்பது ஒரு புள்ளி. முந்நூற்றைம்பதில் ஒரு கோடு. நூற்றில் ஒன்று என்று போய்விட்டால் கதவு கதவாகவே தெரியும். கீல் தெரியும், பிடி தெரியும், ஏணியில் படி எண்ணலாம். அந்த அளவில் எது கண்ணுக்குத் தெரியுமோ அத்தனையும் செய்தாக வேண்டும். செய்யாமல் விட்டால் அது பொய்க் கப்பல். இந்த வேலை தெரிந்தவர்கள் எல்லாரும் ஒத்துக்கொள்கிற விதி இது.

அவ்வளவு எனக்கு ஞாபகம் இல்லை. வரைபடமும் கையில் இல்லை.

அண்ணன்


திருச்சானூர்
17.3.1997

அண்ணா,

ஞாபகம் இல்லை என்று நீ எழுதுகிறாய்! நம் ஊர்ப் பள்ளிக்கூடத்து ஜன்னலில் எத்தனை கம்பி என்று இன்றைக்கும் சொல்வாய். எட்டு வருஷம் ஒரே கப்பலில் இருந்தவன். அவரை அந்தக் கப்பலுக்கு அழைத்துப் போனவனே நீ. பிறகு வீட்டுக்கு அழைத்து வந்து எனக்குக் கட்டிவைத்தவனும் நீதான்.

நீ எழுதியதில் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டேன். தெரிவதைச் செய்யாமல் விட்டால் பொய். அதனால் நூற்றில் ஒன்றே செய். நான் கணக்குப் போட்டுவிட்டேன்: அவர் பதினேழு மில்லிமீட்டர், ஒரு புளியங்கொட்டை. கப்பல் பிரியங்காவைப் படுக்க வைத்தால் அவளைவிட நாலு விரல் அதிகம். கட்டிலுக்குக் கீழே வைத்துக்கொள்கிறேன். பம்ப் அறைக்குப் போகிற கதவு திறந்து மூடும்படி இருக்கட்டும். அவள் ஒற்றைக் கண்ணை வைத்து உள்ளே பார்க்கட்டும்.

சொன்னால் பைத்தியம் என்பாய். அளவுகளையே யோசித்துக்கொண்டிருப்பதால் அவர் என் கனவில் அளவு மாறி மாறி வருகிறார். நேற்று என் உள்ளங்கையில் நின்றார். உடம்பெல்லாம் ஈரம். வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. இவ்வளவு சின்னதாக இருப்பதால் குரல் எட்டவில்லை போல என்று கனவிலேயே நியாயம் சொல்லிக்கொண்டேன். காதருகே கையைக் கொண்டுபோவதற்குள் விழித்துவிட்டேன்.

இன்னொரு விஷயம். உங்கள் கப்பலில் இருந்த சண்முகம், வேலூர்க்காரர், பெண்ணுக்கு மொட்டை போட மலைக்கு வந்திருக்கிறார். இங்கே லாட்ஜில் தங்கி, தாமோதரன் ஆட்டோவில் ஏறியிருக்கிறார். பேச்சு வாக்கில் இவன் இன்னாரின் தம்பி என்று தெரிந்ததும், "ஏகாம்பரம் அங்கதான கூட இருந்தாரு, அவரு சொல்லலியா?" என்று கேட்டுவிட்டு, இவன் முகத்தைப் பார்த்துப் பேச்சை மாற்றிவிட்டாராம். தாமோதரன் வந்து வாசலில் நின்று கத்தினான். சண்முகம் ஆளை மாற்றி நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று சொல்லி அனுப்பினேன். நான் நம்பவில்லை அண்ணா. நீ ஒரு வரி எழுதிவிடு, அவனுக்குப் படித்துக் காட்டுகிறேன்.

சங்கரி


திருச்சானூர்
22.4.1997

அண்ணா,

ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தபால்காரர் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே கையை விரித்துக் காட்டுகிறார்.

நீ எழுதாததே தாமோதரனுக்குச் சாட்சியாகிவிட்டது. போன வாரம் வந்து, "அவன காணிப்பாக்கம் வரச்சொல்லு வதினா" என்றான். கோபம் வந்தால் அவனுக்கு அண்ணி வதினா ஆகிவிடும். "கொளத்துல முழுகி, வினாயகர் முன்னால நின்னு, எங்கண்ணன் சாவுல எனக்குப் பங்கு இல்லேன்னு சொல்லட்டும். அப்புறம் நான் வாயத் தொறந்தா ஏன்னு கேளு. வரமாட்டான். வந்தா உருப்படமாட்டான்னு அவனுக்கே தெரியும்."

காணிப்பாக்கம் என்றால் என்ன என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வரப்புத் தகராறானாலும் வளையல் திருட்டானாலும் நம் பக்கத்தில் கடைசி வார்த்தை அதுதான். பாதிப் பேர் பஸ் ஏறுவதற்கு முன்பே உண்மையைக் கக்கிவிடுவார்கள். ஈரத்துணியோடு நின்று பொய் சொன்னவர்கள் வீட்டில் என்னென்ன நடந்தது என்று ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள்.

"எங்கண்ணன் கடல் தாண்டி வரணுமா? அவருக்குப் பதிலா நான் பண்றேன், வா" என்றேன்.

அவனே பயந்துவிட்டான். "அண்ணி, அடுத்தவங்களுக்காக அங்க யாரும் பண்ணமாட்டாங்க. உங்களுக்குத் தெரிஞ்சதுக்கு மட்டும் பண்ணுங்க."

"எனக்குத் தெரியும்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பாகாலா வழியாகச் சித்தூர் பஸ். மூன்று பேரும் வழியில் ஒன்றும் தின்னவில்லை. குளத்தில் மூன்று முழுக்குப் போட்டேன். கரையில் விட்டால் கூட்டத்தில் தொலைந்துவிடுவாளே என்று பிரியங்காவையும் இடுப்பில் வைத்துக்கொண்டுதான் முழுகினேன், அவளும் நனைந்தாள். அப்படியே போய் நின்று சொன்னேன்: என் அண்ணன் ஏகாம்பரத்தின் கையால் என் வீட்டுக்காரர் தேவேந்திரனுக்கு ஒரு கெடுதலும் நடக்கவில்லை. இது சத்தியம்.

தாமோதரன் அழுதுவிட்டான். திரும்பி வரும்போது குழந்தைக்குப் பலூன் வாங்கிக் கொடுத்தான். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, "ஏகாம்பரம் மாமா எப்ப வராரு?" என்று கேட்டான்.

இனி உனக்கு எந்தப் பயமும் இல்லை. கப்பலைப் பற்றி எழுது.

சங்கரி


சிங்கப்பூர்
19.4.1997

சங்கரி,

நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

நீ கேட்டபடி நூற்றில் ஒன்று என்று தொடங்கினேன். முந்நூற்றைம்பதுக்கு வெட்டியதைக் குப்பையில் போட்டேன். அடிப்பாகத்தை முதலில் செய்தேன். பம்ப் அறை, குழாய்கள், ஏணி. ஏணிக்கு ஒன்பது படி. வரைபடம் தேவைப்படவில்லை.

அந்த அறைக்குக் கதவு கிடையாது. மேலே இருக்கிற தளத்தின் தரையில் வட்டமான இரும்பு மூடி ஒன்று இருக்கும். அதைத் திறந்து ஏணியில் இறங்க வேண்டும். இந்த அளவில் அது ஆறு மில்லிமீட்டர், சட்டைப் பட்டனைவிடச் சின்னது. மெல்லிய கம்பியில் கீல் வைத்தேன். திறந்து மூடிப் பார்த்தேன். டக் என்று ஒரு சத்தம் வந்தது. அவ்வளவு சின்னப் பொருளுக்கு அவ்வளவு சத்தம் வரக்கூடாது. மறுபடி திறக்க என் விரல் வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நான் மேல்தட்டில் இல்லை சங்கரி. அந்த மூடியை மூடியவன் நான்தான்.

காலை பத்து மணி. குழாய் உடைந்தது, யார்மேலும் குற்றமில்லை. நான் சேதம் தடுக்கிற குழுவில் இருந்தேன். கீழே இரண்டு பேர். ஒருவன் ஏறி வந்துவிட்டான். தண்ணீர் ஐந்தாவது படிக்கு வந்தபோது, மூடு என்று உத்தரவு வந்தது. மூடாவிட்டால் அடுத்த அறை போகும், அதற்கடுத்த அறை போகும், பிறகு கப்பலே போகும். அதுதான் பாடம். புதிதாக வருகிறவர்களுக்கு அந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவனே நான்தான். மூடினேன். எட்டுப் பிடிகளையும் இறுக்கினேன். அதற்குப் பிறகு கீழேயிருந்து தட்டுகிற சத்தம் கேட்டது.

உடனே உயிர் போய்விட்டது என்று உனக்குச் சொன்னது பொய்.

நான் ஏன் எழுநூற்றில் ஒன்று மட்டும் செய்தேன் என்று எனக்கே இப்போதுதான் தெரிகிறது. அதில் உள்ளே கிடையாது. பதினொரு கப்பல், ஒன்றிலும் உள்ளே கிடையாது. இந்தக் கப்பல் பட்டறைக்கு வந்ததும் சம்பளத்துக்காக இல்லை. இங்கே நாள் முழுக்க ஆயிரம் சுத்தியல் விழுகிறது. ஒரு தட்டல் மட்டும் தனியாகக் கேட்காது.

இதைத் தாமோதரனுக்குப் படித்துக் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம்.

ஏகாம்பரம்


திருச்சானூர்
2.5.1997

உன் கடிதம் 29ஆம் தேதி கைக்கு வந்தது. எழுதிய தேதி 19. நான் குளத்தில் முழுகியது 20.

என் கடிதம் உனக்குக் கிடைத்திருக்கும். நான் எதைச் சொன்னேன், யாரை இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னேன் என்று படித்திருப்பாய்.

பிரியங்காவுக்கு 27ஆம் தேதியிலிருந்து காய்ச்சல். நூற்றிரண்டு, நூற்று மூன்று. ரத்தம் எடுத்திருக்கிறார்கள். வெங்கடம்மா வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏமம்மா, தேவுடுக்கு ஏதாச்சும் மொக்கு பாக்கி கீதா?" என்று கேட்கிறார்கள். நேர்த்திக்கடன் பாக்கியில்லை, சொன்ன சத்தியம்தான் பாக்கி என்று எப்படிச் சொல்வேன்? நான் பி.எஸ்ஸி. கணக்குப் படித்தவள். குளத்துத் தண்ணீருக்கும் காய்ச்சலுக்கும் சம்பந்தம் இருக்கலாம், சத்தியத்துக்கும் காய்ச்சலுக்கும் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே இருபதிலிருந்து இருபத்தேழு எத்தனை நாள் என்று எண்ணுகிறேன்.

பக்கத்தில் புது லாட்ஜ் கட்டுகிறார்கள். பலகை அடிக்கிற சத்தம் காலையிலிருந்து. முன்பு அது என் காதில் விழுந்ததே இல்லை.

மூன்று கேள்வி. எவ்வளவு நேரம் தட்டினார்? தட்டியது அவர் என்று தெரிந்துதான் நின்றாயா? இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் ஏறி வந்திருப்பாரா?

மழுப்பாதே. எனக்குத் தாங்காது என்று குறைத்து எழுதாதே.

சிவசங்கரி


சிங்கப்பூர்
13.5.1997

சங்கரி,

குழந்தை எப்படி இருக்கிறாள் என்று தெரியாமலே எழுதுகிறேன். தெரு முனை போனிலிருந்து வெங்கடம்மா வீட்டு நம்பருக்கு இரண்டு முறை போட்டேன். ஒருமுறை யாரோ எடுத்துத் தெலுங்கில் யாரென்று கேட்டார்கள். போனை வைத்துவிட்டேன்.

முதல் கேள்வி. ஏழு நிமிஷம். என் கைக்கடிகாரத்தில் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியாது. முதலில் வேகமாக. பிறகு மூன்று மூன்றாக. கடைசியில் ஒன்று, ரொம்ப நேரம் கழித்து ஒன்று.

இரண்டாவது. தெரியும். மூடுவதற்கு முன்பே தெரியும். ஏறி வந்தவன் தேவேந்திரன் பின்னால் வருகிறான் என்று சொன்னான். மூடி பாதி இறங்கும்போது கீழேயிருந்து "மச்சான்" என்று இரண்டு தடவை கேட்டது. அலறலாக இல்லை. நம் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கூப்பிடுவானே, அந்த மாதிரி. நான் இருப்பது தெரிந்து, நான் திறந்து வைத்திருப்பேன் என்று நினைத்துக் கூப்பிட்ட குரல். நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லியிருந்தால் மூடியிருக்க மாட்டேன்.

மூன்றாவது. தெரியாது. பத்து விநாடி பொறுத்திருந்தால் அவன் கை மேலே வந்திருக்கலாம். பத்து விநாடியில் தண்ணீர் மேலே வந்து யாராலும் மூட முடியாமலும் போயிருக்கலாம். நாலு வருஷமாக அந்தப் பத்து விநாடியை எண்ணுகிறேன். சில நாள் அவன் வந்துவிடுகிறான். சில நாள் எல்லாரும் போய்விடுகிறோம். கப்பலில் இருநூற்றுச் சொச்சம் பேர் ஊர் திரும்பினார்கள். சாக்குச் சொல்வதற்காக எழுதவில்லை, நீ கேட்டதில் அதுவும் ஒரு பங்கு என்பதால் எழுதினேன்.

நீ செய்த சத்தியம் உன் பொய் இல்லை, என் பொய். நானே காணிப்பாக்கம் வந்து முழுகி, இது என்மேல் விழட்டும் என்று சொல்கிறேன். லீவு கேட்டு வாங்கிவிட்டேன். ஜூன் எட்டாம் தேதி சென்னையில் இறங்குகிறேன்.

கப்பலின் உடம்பு முடிந்துவிட்டது, இரண்டு துண்டாக இருக்கிறது. கோவர்த்தனன் அதைப் பார்த்த பிறகு கிண்டல் செய்வதை விட்டுவிட்டான். கொண்டுவரவா, இங்கேயே உடைத்துப் போடவா? நீ சொல்கிறபடி.

ஏகாம்பரம்


திருச்சானூர்
26.5.1997

அண்ணா,

காய்ச்சல் நாலாம் தேதியே இறங்கிவிட்டது. மலேரியா என்றார் டாக்டர், மாத்திரை கேட்டது. இப்போது பழையபடி வெங்கடம்மா வீட்டுக் கோழியைத் துரத்துகிறாள். நான்தான் இன்னும் சரியாகவில்லை. தூங்குகிறவளின் மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்க்கிறேன். விளையாடப் போனவள் வரப் பத்து நிமிஷம் தாமதமானால் தெருவில் ஓடுகிறேன்.

உன் கடிதம் 22ஆம் தேதி வந்தது. அன்று சாயங்காலமே தாமோதரன் வந்தான். உனக்கு ஒன்று படித்துக் காட்ட வேண்டும், உட்கார் என்றேன். "இன்னா அண்ணி, பரிட்சை பேப்பரா?" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான். ஏப்ரல் கடிதத்தையும் இதையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும் படித்தேன். இத்தனை மாதம் அவனுக்குப் பாதி படித்து, பாதியை விழுங்கி, இல்லாததைச் சேர்த்துச் சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை ஒரு எழுத்து விடவில்லை.

நான் முடித்ததும் அவன் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தான். பிறகு, "அந்த எடத்த இன்னொரு தபா படி" என்றான். படித்தேன். "எது அந்த வார்த்த? காட்டு." காட்டினேன். நீ 'மச்சான்' என்று எழுதியிருந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து அப்படியே அழுத்திக்கொண்டிருந்தான்.

"எங்கண்ணன் குரல கடசியா கேட்டவன் இவன்தான்" என்றான். "இவனும் சொல்லாம விட்டிருந்தா அதுகூட நமக்குக் கிடையாது." கடிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டு, "அடிப்பனோ இன்னா பண்ணுவனோ எனக்கே தெரியாது. ஆனா வரட்டும்" என்றான்.

நேற்று நாங்கள் காணிப்பாக்கம் போய் வந்தோம். உனக்காகக் காத்திருக்க எனக்குத் தைரியம் இல்லை. குழந்தையை வெங்கடம்மாவிடம் விட்டுவிட்டுப் போனேன். முழுகி எழுந்து, தெரியாமல் சொன்னேன், தெரிந்ததும் வந்துவிட்டேன் என்று சொன்னேன். திரும்பிப் பார்த்தால் தாமோதரனும் சொட்டச் சொட்ட நிற்கிறான். உனக்கு எதற்கு என்றேன். "உன்ன இங்க இட்டுக்கினு வந்தவன் நான்தான?" என்றான். நீ சொல்ல வேண்டியதை நீ வந்து சொல். அதில் நான் தலையிட மாட்டேன்.

மன்னித்துவிட்டேன் என்று இந்தக் கடிதத்தில் ஒரு வரி எழுதினேன். படித்துப் பார்த்தேன், என் எழுத்து மாதிரியே இல்லை. அடித்துவிட்டேன். மேலே தெரிகிற அடித்தல் அதுதான். மன்னிக்கவில்லை என்றும் எழுதிப் பார்த்தேன், அதுவும் நிற்கவில்லை. இருநூறு பேர் வீட்டிலும் என்னைப் போல ஒருத்தி இருப்பாள், அவளிடம் குழந்தையும் இருக்கும். அந்தக் கணக்கு எனக்குப் போடத் தெரிகிறது. விடைதான் உடம்பில் ஏறவில்லை.

கப்பலை உடைக்காதே. நூற்றில் ஒன்றிலேயே இருக்கட்டும். இரண்டு துண்டாகவே கொண்டு வா, இங்கே என் கண் முன்னால் ஒட்டு. ஏணியில் அவரை வை. எந்தப் படி என்று உனக்குத்தான் தெரியும். பிரியங்காவுக்கு இப்போதைக்கு இதுதான் நைனா இருந்த அறை என்று மட்டும் காட்டுகிறேன். மீதியை அவள் வளர்ந்த பிறகு நீயே சொல்ல வேண்டும். நான் சொல்ல மாட்டேன். மூடியை என்ன செய்வது என்று அன்றைக்குப் பார்த்துக்கொள்வோம்.

சென்னையிலிருந்து திருப்பதி பஸ் பிடி. வடமாலபேட்டை தாண்டும்போதே எழுந்து பெட்டிகளை எடுத்துக்கொள், இல்லாவிட்டால் கூட்டத்தில் இறங்க முடியாது. பஸ் ஸ்டாண்டில் தாமோதரன் ஆட்டோவோடு நிற்பான். அவனாகவே சொன்னான், நான் கேட்கவில்லை. வீடு வந்து சேரும் வரைக்கும் உன்னோடு பேச மாட்டானாம். நீயும் பேச்சுக் கொடுக்காதே, கேட்டால் மட்டும் பதில் சொல்.

இங்கே வந்ததும் கதவைத் தட்டாதே. வாசலில் நின்று என் பேரைச் சொல்லிக் கூப்பிடு. நான் வந்து திறக்கிறேன்.

சங்கரி